செங்கல் ஸ்கேனரும் நான் போட்ட டிக்கும்

எங்கள் லாரி எலக்ட்ரீசியன்கள் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் திருச்செங்கோட்டுத் தம்பி ஒருத்தர் ஒரு படம் போட்டார். மேசைமேல் மஞ்சள் டப்பா, சுற்றிலும் கறுப்பு ரப்பர் பட்டை, விரல் மொத்தத்துக்கு ஒரு கேபிள். கீழே ஒரு கேள்வி: "பழைய ஸ்கேனர் ஒண்ணு கிடக்குதுங்க. இன்னும் எதுக்காவது ஆகுமா, எடைக்குப் போட்டுறலாமா?"

ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். மியூசியத்துக்குக் குடு என்றார் ஒருத்தர். கதவு ஆடாம இருக்க முட்டுக்கொடு என்றார் இன்னொருத்தர். நானும் சிரிப்புப் பொம்மை ஒன்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. அதே மஞ்சள் டப்பாவோடு வருஷக்கணக்கில் வேலை பார்த்தவன் நான். "செல்வராசு அண்ணா, நீங்க முப்பத்திநாலு வருஷம் பார்த்தவரு, நீங்க சொல்லுங்க" என்று அந்தத் தம்பி என் பேரைப் போட்டுக் கேட்டார். குழுவில் நாலு வரியில் சொல்கிற சங்கதியா இது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் கதை பெரிசாக ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. முடித்தேன், சேலத்தில் மூன்று வருஷம் டைனமோ சுற்றினேன், பிறகு சேலம் நாமக்கல் ரோட்டில் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து அங்கேயே ரிடையர் ஆனேன். நான் சேர்ந்தபோது டெஸ்ட் லேம்ப் ஒன்றுதான் ஆயுதம். லாரிக்குள் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான், வண்டியில் மாட்டினால் கோளாறைக் காட்டுகிற அந்த மஞ்சள் ஸ்கேனர் வந்தது. கனத்தைப் பார்த்து அதற்கு செங்கல் என்று பேர் வைத்தோம். மேலே ஒரு கார்ட்ரிட்ஜ் சொருக வேண்டும். இரண்டே வரி பச்சை எழுத்து. கோளாறின் பேரெல்லாம் சொல்லாது, நம்பர்தான் சொல்லும். அந்த நம்பருக்கு அர்த்தம் தேட ஒரு புத்தகம். ஒரு வண்டி பார்த்து முடிக்கிறதுக்குள் இரண்டு டீ ஆறிப் போகும்.

கடைசி ஆறு வருஷம் எனக்கு மேனேஜர் அமுதா மேடம். ஆத்தூர்க்காரர். என்னைவிடப் பதினெட்டு வயசு சின்னவர், இன்ஜினீயரிங் படித்தவர். அவர் பேச்சில் எங்க ஊர் 'ங்க' வராது. "மேடம், உங்க ஊர்ல மரியாதையை ரேசன்ல குடுப்பாங்களா?" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார். யாரையும் அதட்டியும் நான் கேட்டதில்லை. வண்டி வந்தால் முதலில் டிரைவரை நாற்காலியில் உட்கார வைப்பார். அவர் சொல்லச் சொல்ல, அந்த வார்த்தை மாறாமல் ஜாப் கார்டில் எழுதுவார். டிரைவர் "வண்டி முக்குதுங்க" என்றால் 'வண்டி முக்குகிறது' என்றுதான் எழுத வேண்டும். 'பிக்கப் குறைவு' என்று நாம் மாற்றி எழுதினால் அடித்துவிடுவார். நாம் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்வி: "எப்படித் தெரியும்ணா?" கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பார். அந்தக் கேள்வி எனக்குச் சொறி பிடித்த மாதிரி இருக்கும்.

அவர் கொண்டுவந்த இன்னொரு வழக்கம் பிளக் சோதனை. ஸ்கேனரை வண்டியில் மாட்டியதும், நல்லா இருக்கிற ஒரு வயர் பிளக்கை வேண்டுமென்றே கழற்ற வேண்டும். ஸ்கேனர் அதைக் கண்டுபிடித்துக் கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். கத்தினால்தான் அது அந்த வண்டியோடு நிஜமாகவே பேசுகிறது என்று அர்த்தம். பிளக்கைத் திரும்ப மாட்டி, அந்தக் கோளாறு நம்பரை அழித்துவிட்டு, அப்புறம்தான் வண்டியின் கோளாறைப் பார்க்கலாம். இதற்கென்று ஜாப் கார்டில் ஒரு கட்டமே அச்சடித்தார். 'பிளக் சோதனை' என்று போட்டு ஒரு டிக் போட வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் கால் மணி நேரம் தண்டம் என்று நாங்கள் முணுமுணுத்தோம். ஏன் மேடம் இத்தனை சந்தேகம் என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். "சந்தேகம் இல்லண்ணா, பயம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பயப்படுகிறவருக்கு லாரி ஒர்க்‌ஷாப்பில் என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

நான் ரிடையர் ஆகிற வருஷம் ஒர்க்‌ஷாப் முதலாளி ஒரு புது ஸ்கேனர் வாங்கினார். டேப்லெட் மாதிரி பெரிய திரை, வயரே கிடையாது. நாம் வண்டி மாடலைத் தேடக்கூட வேண்டாம், தானே கண்டுபிடித்து அரை நிமிஷத்தில் பச்சைக் கலரில் 'கோளாறு சைபர்' என்று காட்டும். அந்த ஸ்கேனருக்கு நான்தான் புது மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன். செங்கல்லை மேடம் தன் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். "பழைய வண்டிக்கு ஆகும், இருக்கட்டும்" என்றார். வயசான நான் புது ஸ்கேனரைத் தலையில் வைத்து ஆடுகிறேன், சின்ன வயசுக்காரர் பழசைக் கட்டிக் காக்கிறார். உலகம் தலைகீழாகப் போச்சு என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பிளக் சோதனையைப் புது மாப்பிள்ளைக்கு நான் செய்யவே இல்லை. அத்தனை விலை போட்டு வாங்கின ஸ்கேனரைச் சந்தேகப்படுகிறதாவது! கட்டத்தில் மட்டும் டிக் போட்டேன். ஒரு வண்டிக்கு, இரண்டு வண்டிக்கு என்று ஆரம்பித்து, அப்புறம் கை தானாகவே போட்டது.

அந்தச் சமயத்தில்தான் டிரைவர் நல்லதம்பி கேஸ் டேங்கரைக் கொண்டுவந்தார். ஐம்பது வயசு மனுசர், எனக்கு இருபது வருஷப் பழக்கம். நாமக்கல்லிலிருந்து காலி டேங்கரை மங்களூர் கொண்டுபோய், கேஸ் நிரப்பிக்கொண்டு பெங்களூர், தருமபுரி வழியாகத் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் வருவார். டேங்கை இழுக்கிற முன்வண்டி பன்னிரண்டு வருஷத்துப் பழசு. மேடம் அவரை உட்கார வைத்துக் கேட்டார்.

"ஓடிட்டே இருக்கையில ஒரு நொடி செத்துப் பொழைக்குதுங்க" என்றார் நல்லதம்பி. "கண்ணு இமைக்கிறதுக்குள்ள மறுபடி புடிச்சுக்குதுங்க. எப்பன்னு சொல்ல முடியலீங்க."

புது மாப்பிள்ளையை மாட்டினேன். 'கோளாறு சைபர்'. இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். வண்டி செம்மையாகத்தான் போனது. "டீசல்ல தண்ணி கலந்திருக்கும் தம்பி" என்று பில்டரை மாற்றினேன். பிளக் சோதனைக் கட்டத்தில் டிக், கீழே 'கோளாறு இல்லை', அதற்குக் கீழே செல்வராசு என்று என் கையெழுத்து. கார்டின் நகலை நல்லதம்பி கையில் கொடுத்து, போய்ட்டு வாங்க என்று தாட்டிவிட்டேன்.

அஞ்சாம் நாள் காலையில் அதே மாடல் லாரி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எலி கடித்து இன்ஜெக்டர் வயர் அறுந்து தொங்குகிறது. பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். சும்மா பழக்கத்துக்குப் புது மாப்பிள்ளையை மாட்டினேன்.

'கோளாறு சைபர்' என்றது.

எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினேன். சைபர். வயர் என் கண் முன்னால் தொங்குகிறது, அது பச்சைக் கலரில் சைபர் என்கிறது. ஸ்கேனர் செட்டிங்குக்குள் போய் நோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பழைய மாடலைப் புது ஸ்கேனர் வேறு ஏதோ மாடல் என்று எடுத்துக்கொண்டு, மீட்டர் போர்டோடு மட்டும் பேசியிருக்கிறது. இன்ஜின் கம்ப்யூட்டரோடு அது பேசவே இல்லை. யாரிடமும் எதுவும் கேட்காமலேயே எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறது. நானும் அதைத்தானே செய்தேன்?

நல்லதம்பி வண்டியும் அதே மாடல்தான் என்று ஞாபகம் வந்தது. கணக்குப் போட்டால் இன்றைக்கு அவர் கேஸ் நிரப்பிக்கொண்டு திரும்புகிற நாள். கணவாய் இறக்கத்தில் இன்ஜின் செத்தால், இன்ஜினை வைத்தே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் போய்விடும். தடுமாறி கிளட்சை மிதித்துவிட்டால் இன்ஜின் முழுசாக நின்று, ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்குக் காற்றும் ஏறாது. பின்னால் டேங்க் நிறையக் கேஸ். ரோடு முழுக்கக் காரும் பஸ்ஸும். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

மேடம் அறைக்கு ஓடிச் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்தார். நல்லதம்பிக்கு அடித்தார், எடுக்கவில்லை. ஸ்டீயரிங் பிடித்துவிட்டால் போனைத் தொடாத மனுசர் அவர். வண்டி முதலாளிக்கு அடித்தார்.

"கிருஷ்ணகிரி தாண்டியிருச்சுங்க, மொபைல்ல தெரியுது" என்றார் முதலாளி. "லோடு வண்டியை எதுக்கு நடுரோட்டுல நிறுத்தச் சொல்றீங்க? நீங்கதானே கோளாறு இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

மேடம் பீரோவைத் திறந்து செங்கல்லை எடுத்தார். புது ஸ்கேனரையும் எடுத்துக்கொண்டார். அவர் காரிலேயே கிளம்பினோம். அவர் ஓட்டினார். நான் இரண்டு ஸ்கேனரையும் அந்த நம்பர் புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

சேலம் பைபாஸைத் தாண்டினோம். ஓமலூர் நெருங்கும்போது வண்டி முதலாளியே கூப்பிட்டார். "தருமபுரி தாண்டிட்டாருங்க. நானும் அடிக்கிறேன், எடுக்கலை" என்றார். காலையில் இருந்த சூடு அவர் குரலில் இப்போது இல்லை. எங்களுக்குக் கணவாய்க்கு இன்னும் அரை மணி நேரம். நல்லதம்பிக்கும் அதே அரை மணி நேரம்தான்.

கணவாய் ஏறும்போது நான் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அட சாமி, அன்றைக்கென்று கேஸ் டேங்கராக இறங்கியது. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே மாதிரி. ஒன்று போனது, நம்பர் தெரியவில்லை. பின்னாலேயே இன்னொன்று. வளைவுகளில் இறங்குகிற ரோடே மறைந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு ஹாரன் சத்தம் கேட்டால்கூட நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்லதம்பி சம்சாரத்துக்கு என்னை நல்லாத் தெரியும். என் மகள் சீமந்தத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள். நான் கொடுத்த காகிதத்தை நம்பித்தான் அவர் இறங்குகிறார் என்று யார் போய்ச் சொல்வது? நான்தானே சொல்ல வேண்டும்? அழுகை வந்துவிட்டது. மேடம் திரும்பிப் பார்க்காமல், "அண்ணா, நம்பரைப் பாருங்க, நம்பரை மட்டும் பாருங்க" என்றார்.

மேலே ஏறி, காரைத் திருப்பி இறங்குகிற பக்கத்துக்கு வந்தோம். இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு சின்னக் கோயில் உண்டு. டிரைவர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு, பிரேக் டிரம் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். கேஸ் வண்டிக்காரர்கள் கற்பூரத்துக்குப் பயந்து வண்டியை நூறு அடி தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவார்கள். அங்கே நின்றது நல்லதம்பி வண்டி. அவர் நெற்றியில் திருநீறோடு கேபின் படியில் கால் வைத்து ஏறிக்கொண்டிருந்தார்.

நான் கத்தின கத்தில் கோயிலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்ணா, என்னாச்சு? ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுங்களா?" என்று பதறி இறங்கினார் நல்லதம்பி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேடம்தான் கேட்டார். "வழியில இன்ஜின் நின்னுச்சா?"

"ஓசூர் மேட்டுல ரெண்டு வாட்டிங்க."

"அப்பவே ஏன் கூப்பிடல?"

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஜாப் கார்டு நகலை எடுத்தார். "கோளாறு இல்லைன்னு அண்ணன் எழுதிக் குடுத்திருக்காருங்களே. நம்ம மனசுதான் பயந்து அப்படி நினைக்குதாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேனுங்க."

முப்பத்திநாலு வருஷத்தில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டின மனுசர், தன் காலுக்குக் கீழே இன்ஜின் செத்ததை உணர்ந்திருக்கிறார். என் கையெழுத்துக்காகத் தன் உணர்வையே பொய் என்று நினைத்திருக்கிறார்.

பழைய ஸ்கேனரில் பார்க்காமல் இறக்கக்கூடாது என்று மேடம் வண்டி முதலாளிக்குப் போன் போட்டார், அவர் இன்னும் இழுத்தார். சாயங்காலத்துக்குள் லோடு இறங்க வேண்டும், இரண்டாவது கியரில் மெதுவாக இறக்கிவிடட்டும் என்றார். பழைய டப்பா சொல்கிறது நிஜம் என்று என்ன நிச்சயம் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். செங்கல்லும் மாசக்கணக்காகப் பீரோவில் கிடந்தது. அதுவும் பொய் சொன்னால்?

மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டு டிரைவர் சீட்டில் வைத்தார். "அண்ணா, ஆக்ஸிலேட்டர் பெடல் பிளக்கைக் கழட்டுங்க" என்றார். வேறு எதையும் தொட வேண்டாம், கேபினுக்குள் இருக்கிற அது மட்டும் போதும் என்றார். மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றினேன். சுவிட்சைப் போட்டுப் புது ஸ்கேனரை மாட்டினேன். ஆக்ஸிலேட்டரே இல்லாத வண்டிக்கு, கோளாறு சைபர் என்றது. நல்லதம்பி திரையையும் கையில் தொங்குகிற பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு செங்கல்லை மாட்டினேன். பச்சை எழுத்து வருவதற்கு ஒரு யுகம் ஆனது. மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு நம்பர் வந்தது. புத்தகத்தில் பார்த்தோம், பெடல். சரியாகச் சொல்லிவிட்டது. பிளக்கை மாட்டி அந்த நம்பரை மட்டும் அழித்தேன். அடியில் இன்னொரு நம்பர் இருந்தது. இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிற கரன்ட் இடையில் அறுபடுகிறது என்று அர்த்தம். பக்கத்தில் எத்தனை தடவை என்றும் போட்டிருந்தது. பத்தொன்பது.

"பத்தொம்பதுங்களா?" என்றார் நல்லதம்பி. "எனக்குத் தெரிஞ்சது ஆறேழுதானுங்க." சொல்லிவிட்டு ரோட்டோரக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார். கீழே கணவாய் தெரிந்தது. அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போனில் முதலாளி, பத்தொன்பதா என்று திருப்பிக் கேட்டார். அப்புறம், "வேற முன்வண்டி அனுப்பறேனுங்க" என்றார். அது வந்துதான் டேங்கை இழுத்துப் போனது. பழைய முன்வண்டியை ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தபோது, கேபினுக்குப் பின்னால் கம்ப்யூட்டருக்குப் போகிற வயர் ஒரு கிளாம்பில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. உள்ளே செம்புக் கம்பி இரண்டு இழைதான் மிச்சம்.

திரும்பி வரும்போது காரில் சொல்லிவிட்டேன். "மேடம், அந்த வண்டிக்குப் பிளக் சோதனை செய்யலீங்க. டிக் மட்டும் போட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும். காரை ஓரம் கட்டி நிறுத்தி, "எத்தனை வண்டிக்குண்ணா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அன்றைக்குப் பொழுதோடவே ஜாப் கார்டுக் கட்டுகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தோம். புது ஸ்கேனரில் நான் பார்த்த அந்த மாடல் வண்டிகள் முப்பத்தேழு. முப்பத்தேழிலும் ஒரே மாதிரி அழகான டிக். ஒவ்வொரு வண்டிக்கும் போன் செய்து, தப்பு எங்களுடையது, வாங்க என்று கூப்பிட்டோம். சிலர் கேட்க நா கூசும்படி பேசினார்கள், கேட்டுக்கொண்டேன். இரண்டு மாதத்தில் முப்பத்தாறு வண்டிகள் வந்தன. எல்லாவற்றையும் செங்கல்லில் பார்த்தோம். நாலில் கோளாறு இருந்தது.

ஆகவே திருச்செங்கோட்டுத் தம்பிக்கு என் பதில் இது. பழைய ஸ்கேனரை எடைக்குப் போடாதீங்க. அது புத்திசாலி என்பதால் சொல்லவில்லை, புது வண்டியில் மாட்டினால் அது முழிக்கும். ஆனால் அந்தக் காலத்து வண்டி ரோட்டில் ஒன்று ஓடுகிற வரைக்கும் அதோடு பேச அது வேண்டும். பழசோ புதுசோ, முதலில் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்க. கத்தாத ஸ்கேனரை நம்பாதீங்க.

முப்பத்தேழாவது வண்டி ஒரு முட்டை லாரி. நாங்கள் கூப்பிட்டபோது அந்த ஓனரின் போன் நம்பரே உபயோகத்தில் இல்லை. தெரிந்தவர்களிடம் விசாரித்தால், விற்றுவிட்டார்கள், யாருக்கென்று தெரியாது என்றார்கள். ரிடையர் ஆகி இரண்டு வருஷம் ஆச்சு, அந்த லாரியை நான் மறந்த நாள் இல்லை. எங்காவது விபத்து என்று செய்தி வந்தால் லாரி நம்பரைத்தான் முதலில் தேடுவேன். போன வாரம் ஒரு புரோக்கர் மூலமாக இப்போதைய ஓனர் நம்பர் கிடைத்தது. விழுப்புரம் பக்கம். ஓனரே டிரைவராம். நாலு நாள் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். யாராவது எடுத்து, அவர் இல்லைங்க என்று சொல்லிவிட்டால்?

நேற்று மத்தியானம் கூப்பிட்டுவிட்டேன். மூணாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் இன்ஜின் ஓடுகிற சத்தம். உயிர் வந்தது எனக்கு. நாமக்கல்லில் இருந்து பேசுகிறேன், வண்டி எப்படி ஓடுது என்று கேட்டேன்.

"அருமையான வண்டி சார்" என்றார். "வாங்கும்போதே ஒர்க்‌ஷாப் பேப்பர் காட்டித்தான் குடுத்தாங்க. கோளாறு இல்லைன்னு எழுதி, கீழ செல்வராசுன்னு கையெழுத்து இருக்கு. அப்பப்ப கொஞ்சம் மக்கர் பண்ணும், ஆனா பேப்பர்தான் இருக்கேன்னு நான் கண்டுக்கறதில்ல. ஆமா, நீங்க யார் பேசறது?"

"நான்தாங்க அந்தச் செல்வராசு" என்றேன். "வண்டியை ஓரமா நிறுத்துங்க, சாமி."